வயிற்றுப் பிள்ளையும் தாயின் மனச்சோர்வும்: எந்த வழியில், எவ்வளவு?

கேள்வியின் சாரம் இது. கேட்டவர் ஆறு மாதக் கர்ப்பிணி. திருமணத்துக்கு முன்பிருந்தே மனச்சோர்வுக்குச் செர்ட்ராலின் மாத்திரை எடுத்துவந்தவர், கர்ப்பம் உறுதியானதும் யாரையும் கேட்காமல் அதை நிறுத்திவிட்டார். இரண்டு மாதமாகத் தூக்கமில்லை, சாப்பாட்டில் பிடிப்பில்லை, காரணமின்றி அழுகை வருகிறது. “வாயும் வயிறுமாக இருக்கிறவள் அழுதுகொண்டே இருந்தால் பிள்ளை அழுமூஞ்சியாகத்தான் பிறக்கும்” என்கிறார் மாமியார். தாயின் ஸ்ட்ரெஸ் ஹார்மோன் குழந்தையின் மூளையைக் கெடுத்துவிடும் என்று கைப்பேசியில் வந்த ஒரு காணொளி சொல்கிறது. இவை உண்மையா, மாத்திரையை மறுபடி தொடங்கலாமா என்று கேட்கிறார்.

நேரான பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். அழுவதால் குழந்தைக்கு எதுவும் ஆவதில்லை. ஆனால் வாரக்கணக்கில் நீடித்து, சிகிச்சையில்லாமல் விடப்படும் மனச்சோர்வுக்கும் குழந்தையின் பிற்கால வளர்ச்சிக்கும் இடையே தொடர்பு இருக்கிறது. அது பெரிய எண்ணிக்கையில் பார்க்கும்போது தெரியும் அளவிலான, மிதமான தொடர்பு. ஒரு குறிப்பிட்ட தாயின் குழந்தை எப்படி வளரும் என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. காணொளியில் வருகிற ‘ஹார்மோன் வெள்ளம்’ கதைதான் இந்த அறிவியலில் மிகப் பலவீனமான பகுதி. மாத்திரையைப் பொறுத்தவரை, உங்கள் நிலையில் இருப்பவர்கள் பலருக்கு மருந்தில்லாமல் இருப்பதே கூடுதல் ஆபத்து. அதை நீங்களாகத் தொடங்காமல் இந்த வாரமே மருத்துவரைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும். இனி இவற்றுக்கான காரணங்களைப் பார்ப்போம்.

கர்ப்பத்தில் எல்லாருக்கும் களைப்பு வரும், தூக்கம் கெடும், மசக்கையில் சாப்பாடு இறங்காது. ஆகவே உடல் அறிகுறிகளை மட்டும் வைத்து மனச்சோர்வைக் கண்டுகொள்ள முயன்றால் பாதிப் பேரை நோயாளிகள் ஆக்கிவிடுவோம். அல்லது, நம் ஊர்களில் அதிகம் நடப்பதுபோல, உண்மையில் நோயுற்ற பெண்ணை “மாசமா இருந்தா இப்படித்தான் இருக்கும்” என்று சொல்லி அனுப்பிவிடுவோம். 1987இல் வெளியான எடின்பரோ அளவுகோல் இந்தச் சிக்கலை மனத்தில் வைத்தே உருவாக்கப்பட்டது. பிரசவித்த பெண்களுக்காக எழுதப்பட்ட அது இப்போது கர்ப்ப காலத்திலும் பயன்படுகிறது. வேலூரில் அதன் தமிழ் வடிவமும் சரிபார்க்கப்பட்டிருக்கிறது. கடந்த ஏழு நாட்களைப் பற்றிய பத்துக் கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண், மொத்தம் 30. பசியையோ களைப்பையோ அது கேட்பதில்லை. சிரிக்க முடிகிறதா, வரப்போகிற ஒன்றை ஆவலோடு எதிர்பார்க்க முடிகிறதா, தேவையில்லாமல் தன்னையே பழித்துக்கொள்கிறாரா என்று கேட்கிறது. பத்தாவது கேள்வி தன்னை மாய்த்துக்கொள்ளும் எண்ணத்தைப் பற்றியது. மொத்த மதிப்பெண் எவ்வளவு குறைவாக இருந்தாலும், இந்த ஒரு கேள்விக்கு ‘ஒருபோதும் இல்லை’ என்பதைத் தவிர வேறு பதில் வந்தால் அன்றே அதைப் பற்றிப் பேசியாக வேண்டும். வளரும் நாடுகளில் கர்ப்பிணிகளில் சுமார் 15.6 விழுக்காட்டினருக்கு, பெரும்பாலும் மனச்சோர்வாக, ஏதேனும் ஒரு மனநலக் குறைபாடு இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிடுகிறது. அதாவது ஆறு ஏழு பேரில் ஒருவர். எடை, இரத்த அழுத்தம், ஹீமோகுளோபின் எல்லாம் தவறாமல் குறிக்கப்படும் கர்ப்பகாலச் சிகிச்சைக் குறிப்பேட்டில் இதற்கு ஓர் இடம் இன்னும் சரியாக அமையவில்லை என்பது என் நெடுநாள் ஆதங்கம்.

குழந்தையின் வளர்ச்சியோடு உள்ள தொடர்பைப் பற்றி நமக்குக் கிடைத்திருக்கும் உறுதியான சான்றுகளில் பெரும்பகுதி ஒரே ஊரிலிருந்து வருகிறது. இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரிலும் அதன் சுற்றுப்புறத்திலும் 1991 ஏப்ரலுக்கும் 1992 டிசம்பருக்கும் இடையே பிரசவத் தேதி குறிக்கப்பட்டிருந்த 14,000க்கும் மேற்பட்ட பெண்கள் ஓர் ஆய்வில் சேர்க்கப்பட்டார்கள். அவர்களின் மனநிலை கர்ப்ப காலத்திலேயே பதிவு செய்யப்பட்டது என்பதுதான் அந்த ஆய்வின் பலம். ‘அப்போது எப்படி இருந்தீர்கள்’ என்று பிற்பாடு நினைவுபடுத்திக் கேட்டிருந்தால், பிள்ளை படுத்தும் பாட்டைப் பொறுத்துத் தாயின் நினைவும் மாறியிருக்கும். அந்தக் குழந்தைகளுக்கு இப்போது முப்பது வயது தாண்டிவிட்டது; ஆய்வு இன்னும் தொடர்கிறது.

அதில் தெரியவந்த இரண்டு முடிவுகளைச் சொல்கிறேன். கர்ப்பத்தில் மனப்பதற்றம் மிக அதிகமாக இருந்த 15 விழுக்காட்டுத் தாய்மார்களின் பிள்ளைகளில், 13 வயதில் மனநலக் குறைபாடு இருக்கக்கூடியவர்கள் ஏறத்தாழ 12 விழுக்காடு. மற்றத் தாய்மார்களின் பிள்ளைகளில் அது ஏறத்தாழ 7 விழுக்காடு. ‘அபாயம் கிட்டத்தட்ட இரட்டிப்பாகிறது’ என்று இதைத் தலைப்புச் செய்தியாக எழுதலாம். அதே எண்களை வைத்து, மிக அதிகமாகப் பதறிய தாய்மார்களின் பிள்ளைகளில்கூட நூற்றுக்கு 88 பேர் நன்றாகவே இருந்தார்கள் என்றும் எழுதலாம். இரண்டும் உண்மை. கர்ப்பிணி ஒருவரிடம் பேசும்போது இரண்டாவதை முதலில் சொல்வதுதான் முறை.

இன்னொரு முடிவு 2013இல் வந்தது. தாயின் கர்ப்பகால மனச்சோர்வு மதிப்பெண் சுமார் ஐந்து புள்ளி கூடும்போது, பிள்ளைக்குப் பதினெட்டாம் வயதில் மனச்சோர்வு இருக்கும் வாய்ப்பு ஏறத்தாழ 1.3 மடங்கானது. தாய் பிற்காலத்தில் மனச்சோர்வுக்கு ஆளானதைக் கணக்கில் கழித்த பிறகும் இது நின்றது. அதே ஆய்வில் கர்ப்ப காலத்தில் தந்தைக்கு இருந்த மனச்சோர்வு பிள்ளையின் 18 வயது நிலையோடு தொடர்பு காட்டவில்லை. குடும்பத்தின் வறுமை, வீட்டுச் சூழல், பரம்பரை ஆகியவை மட்டுமே காரணமாக இருந்திருந்தால் தந்தையின் மனநிலையும் ஓரளவு எதிரொலித்திருக்க வேண்டும். அது இல்லாததால், கருப்பைக்குள் ஏதோ ஒன்று நடக்கிறது என்ற எண்ணம் வலுப்பெற்றது. பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வின் விளைவோ, கல்வி குறைந்த தாய்மார்களின் பிள்ளைகளிடம் மட்டும் தெரிந்தது. ஆதரவும் வசதியும் உள்ள இடத்தில் பிந்தைய விளைவை மட்டுப்படுத்த முடிகிறது என்று இதற்குப் பொருள் கொள்ளலாம்.

பரம்பரை பற்றிய சந்தேகம் நியாயமானது. மனச்சோர்வுக்கு உள்ளாகும் மரபணுக் கூறு தாயிடமிருந்து பிள்ளைக்கு வரலாம். கர்ப்பகால மனநிலை அதன் வெறும் அடையாளமாக இருந்துவிடலாம். இதைப் பிரித்தறிய வேல்ஸ் நாட்டின் கார்டிஃப் ஆய்வாளர்கள் ஓர் அருமையான வழியைக் கண்டார்கள். செயற்கைக் கருத்தரிப்பில் பிறந்த குழந்தைகளில் சிலருக்குக் கருமுட்டை சுமந்த தாயுடையது. சிலருக்கு அது தானமாகப் பெற்றது. தானமுட்டையில் பிறந்த குழந்தைக்கும் சுமந்த தாய்க்கும் மரபணு உறவு கிடையாது, கருப்பை உறவு மட்டும்தான். கர்ப்பகால மனவழுத்தத்துக்கும் குறைந்த பிறப்பெடைக்கும் உள்ள தொடர்பும், பிள்ளையின் முரட்டு நடத்தையோடு உள்ள தொடர்பும் இரு வகைத் தாய்மார்களிடமும் தென்பட்டன. கவனச்சிதறல் குறைபாட்டோடு உள்ள தொடர்போ, மரபணு உறவு உள்ள தாய்களிடம் மட்டுமே தெரிந்தது. ஆக, சில விளைவுகள் கருப்பை வழியே வருகின்றன. சில, கருப்பை வழி வருவதுபோல் தோன்றி, மரபணு வழி வருகின்றன. “தாயின் மனம் குழந்தையைப் பாதிக்கும்” என்று ஒரே வாக்கியத்தில் யாராவது சொன்னால், எந்த விளைவைப் பற்றிப் பேசுகிறார் என்று திருப்பிக் கேட்க வேண்டும்.

கனடாவின் கியூபெக் மாகாணத்தில் 1998 ஜனவரியில் வீசிய பனிப்புயல் இன்னொரு வகைச் சான்றைத் தந்தது. மின்கம்பிகள் பனிக்கட்டி தாங்காமல் அறுந்து இலட்சக்கணக்கான வீடுகள் இருண்டன. சில வீடுகளுக்கு ஆறு வாரம் வரை மின்சாரமில்லை. புயல் யாருடைய மரபணுவையும் பார்த்து வருவதில்லை. அப்போது கர்ப்பமாயிருந்த பெண்களின் பிள்ளைகளைத் தொடர்ந்து கவனித்தபோது, தாய் அனுபவித்த கஷ்டம் எவ்வளவுக்கு அதிகமோ அவ்வளவுக்கு இரண்டு வயதில் அறிவுத்திறன், மொழித்திறன் மதிப்பெண்கள் சற்றுக் குறைந்திருந்தன. இது வெளியிலிருந்து வந்த நெருக்கடி, மனச்சோர்வு நோய் இல்லை. ஆனாலும் மரபணுக் காரணத்தை ஒதுக்கிவிட்டுப் பார்க்க இது உதவுகிறது.

இப்போது ஹார்மோன் விஷயத்துக்கு வருகிறேன். இங்கே சற்று நிதானமாகப் போக வேண்டும். கார்ட்டிசால் என்பது சிறுநீரகங்களின் மேல் அமைந்த அட்ரினல் சுரப்பிகள் தரும் ஹார்மோன். நெருக்கடியில் அது கூடும் என்பதால் ‘ஸ்ட்ரெஸ் ஹார்மோன்’ என்ற கெட்ட பெயர் ஒட்டிக்கொண்டது. ஆனால் கர்ப்பம் முற்ற முற்ற, மிக மகிழ்ச்சியாக இருக்கும் பெண்ணுக்கும் இரத்தக் கார்ட்டிசால் இரண்டு மூன்று மடங்கு உயரும். மூளை சுரக்கும் ஒரு தூண்டு ஹார்மோனை நஞ்சுக்கொடி தானும் சுரந்து இந்த உயர்வுக்குத் துணைபோகிறது. குழந்தையின் நுரையீரல் முதிர்வதற்கு இந்தக் குடும்பத்து ஹார்மோன்கள் தேவை. குறைப்பிரசவம் ஆகிவிடும் என்று தெரிந்தால் தாய்க்கு அதே குடும்பத்து மருந்தான டெக்ஸாமெத்தசோன் ஊசி போடுவது அதனால்தான்.

தாயின் மனநிலைக்கும் அவர் இரத்தத்தில் உள்ள கார்ட்டிசால் அளவுக்கும் இருக்கும் தொடர்பு, கர்ப்பத்தில், வியக்கத்தக்க அளவுக்குப் பலவீனமானது. கடும் மனச்சோர்வில் இருப்பவரின் அளவும் இல்லாதவரின் அளவும் பல ஆய்வுகளில் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தன. அப்படியானால் தாயின் துயரம் குழந்தையை எட்டுவது எப்படி? ஆய்வாளர்களின் பார்வை தாயின் இரத்தத்திலிருந்து நஞ்சுக்கொடிக்கு நகர்ந்தது இதனால்தான்.

நஞ்சுக்கொடியில் 11-பீட்டா-எச்எஸ்டி-2 என்றொரு நொதி இருக்கிறது. தாயின் இரத்தத்திலிருந்து வரும் கார்ட்டிசாலில் பெரும்பகுதியை அது செயலற்ற கார்ட்டிசோனாக மாற்றிவிடுகிறது. ஆகவே தாயின் இரத்தத்தில் உள்ள அளவில் சிறு பங்குதான் குழந்தையின் இரத்தத்தில் இருக்கும். மேலே சொன்ன டெக்ஸாமெத்தசோன் இந்த நொதியிடம் அவ்வளவாகச் சிக்காது. குழந்தையைச் சென்றடைய வேண்டிய மருந்தாக அது தேர்ந்தெடுக்கப்பட்டதற்கு அதுவே காரணம். இலண்டனில், நாள் குறித்துச் சிசேரியன் செய்துகொண்ட பெண்களிடம் மனப்பதற்றத்தை அளந்து, பின்னர் நஞ்சுக்கொடியைச் சோதித்தபோது, பதற்றம் அதிகமிருந்தவர்களிடம் இந்த நொதியின் மரபணு குறைவாக இயங்கியது தெரிந்தது. 2012இல் வெளியான சிறிய ஆய்வு அது. ஆனால் எலிகளில் கண்டதோடு ஒத்துப்போகிறது. தாயின் கார்ட்டிசால் கூடாமலேயே, நஞ்சுக்கொடியின் தடுப்பு குறைவதால் குழந்தைக்குச் செல்லும் பங்கு கூடலாம் என்பதே இதன் உட்பொருள்.

அந்த நொதி உண்மையில் முக்கியமானதா என்பதற்கு எதிர்பாராத ஓர் இடத்திலிருந்து சான்று கிடைத்தது. பின்லாந்து மக்கள் அதிமதுர மிட்டாய்ப் பிரியர்கள். அதிமதுரத்தின் இனிப்புக்குக் காரணமான கிளிசிரைசின் இதே நொதியை முடக்கும். ஹெல்சிங்கியில், கர்ப்ப காலத்தில் வாரம் 500 மில்லிகிராமுக்கு மேல் கிளிசிரைசின் உட்கொண்ட பெண்களின் பிள்ளைகள், பன்னிரண்டு வயதையொட்டிய சோதனையில் அறிவுத்திறன் அளவையில் சராசரியாக ஏழு புள்ளி பின்தங்கியிருந்தார்கள்; கவனக்குறைபாட்டுச் சிக்கல்களும் கூடுதலாகத் தெரிந்தன. இங்கே மனச்சோர்வே இல்லை, மிட்டாய்தான். ஆனாலும் விளைவு அதே திசையில் வருகிறது. பின்லாந்து அரசின் உணவு வழிகாட்டி கர்ப்பிணிகளுக்கு அதிமதுரம் வேண்டாம் என்கிறது. இருமலுக்கு என்று அதிமதுரக் கஷாயத்தை நாள்தோறும் குடிக்கும் பழக்கம் நம் வீடுகளிலும் உண்டு. கர்ப்பத்தில் அதை மருத்துவரிடம் கேட்காமல் தொடர வேண்டாம். எப்போதோ ஒருமுறை வாயில் போட்டுக்கொண்ட துண்டுக்காக யாரும் பயப்படத் தேவையில்லை.

மற்ற வழிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மனச்சோர்வில் உடலின் அழற்சிக் குறிகள் சிலருக்குக் கூடுகின்றன. அவை நஞ்சுக்கொடியின் வேலையை மாற்றலாம். கருவின் முன்மூளைக்குத் தொடக்கக் கட்டத்தில் தேவையான செரட்டோனினை (நரம்புகளிடையே செய்தி கடத்தும் வேதிப்பொருள்) நஞ்சுக்கொடியே தயாரித்துத் தருகிறது என்று 2011இல் சுண்டெலிகளில் காட்டப்பட்டது. பதற்றம் அதிகமுள்ள தாய்மார்களிடம் கருப்பைத் தமனியில் இரத்த ஓட்டத்துக்கான எதிர்ப்பு கூடியிருந்ததை 1999இல் இலண்டன் ஆய்வு ஒன்று கண்டது. பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த 2010ஆம் ஆண்டுக் கணக்கில், கர்ப்பகால மனச்சோர்வு குறைப்பிரசவ வாய்ப்பை ஏறத்தாழ 1.4 மடங்காகவும், குறைந்த பிறப்பெடை வாய்ப்பை 1.5 மடங்காகவும் உயர்த்தியது. இந்தியா போன்ற நாடுகளில் சாப்பாட்டின் வழியே வரும் பாதிப்புதான் மிகக் கனமானது என்பது என் மதிப்பீடு. 2019–21இன் தேசியக் குடும்பநல ஆய்வில் இந்தியக் கர்ப்பிணிகளில் 52 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை இருந்தது. மனச்சோர்வுள்ள பெண் சரியாகச் சாப்பிடுவதில்லை, இரும்புச்சத்து மாத்திரையை ஒழுங்காக விழுங்குவதில்லை, பரிசோதனைக்குப் போவதைத் தள்ளிப்போடுகிறார். இரும்புச்சத்தோ கருவின் மூளை வளர்ச்சிக்கு நேரடியாகத் தேவைப்படுவது. நுட்பமான ஹார்மோன் வழிகளைப் பேசும் ஆர்வத்தில் சாப்பாட்டுத் தட்டை மறந்துவிடக் கூடாது. இரத்தசோகையும் தைராய்டு குறைபாடும் மனச்சோர்வைப் போலவே வேடம் போடும் என்பதால், இரண்டையும் சோதித்துக்கொள்ளுங்கள்.

மூளையிலேயே வித்தியாசம் தெரிகிறதா என்று கேட்பவர்களுக்குச் சிங்கப்பூர் ஆய்வு ஒன்று பொருத்தமானது. அங்கே 2009இலும் 2010இலும் சீன, மலாய், இந்தியத் தாய்மார்களைச் சேர்த்துத் தொடங்கப்பட்ட ஆய்வில், கர்ப்பத்தின் 26ஆம் வாரத்தில் எடின்பரோ அளவுகோலால் மனநிலை அளக்கப்பட்டது. சிங்கப்பூர் இந்தியர்களில் தமிழரே பெரும்பான்மை என்பதால், நம் பெண்களும் இடம்பெற்ற அரிய ஆய்வுகளில் இது ஒன்று. பிறந்து மூன்று வாரத்துக்குள், பால் குடித்துத் தூங்கும் குழந்தைகளை எம்ஆர்ஐ கருவியில் படமெடுத்தார்கள். மதிப்பெண் அதிகமிருந்த தாய்மார்களின் குழந்தைகளில், பயத்தையும் உணர்ச்சியையும் கையாளும் அமிக்டலா என்ற பகுதியின் அளவில் வேறுபாடில்லை. வலது அமிக்டலாவின் நுண்ணமைப்பில் வேறுபாடு இருந்தது. தாயின் மடியில் வளரத் தொடங்குவதற்கு முன்பே எடுத்த படம் என்பதால் வளர்ப்பின் மேல் பழி போட முடியாது. அதே சமயம் நுண்ணமைப்பில் வேறுபாடு என்பது சேதம் என்று ஆகாது. அந்தக் குழந்தைகளில் யார் பிற்காலத்தில் அல்லலுறுவார் என்று அந்தப் படத்தைப் பார்த்து ஒருவராலும் சொல்ல முடியாது.

மரபணுவின் மேல் படிந்து அதன் இயக்கத்தை மாற்றும் வேதிக் குறிகளைப் பற்றியும் (எபிஜெனடிக்ஸ்) நிறையப் பேசப்படுகிறது. வான்கூவரில் 2008இல் வெளியான ஆய்வில், கடைசி மூன்று மாதங்களில் மனச்சோர்வாக இருந்த தாய்மார்களின் குழந்தைகளுடைய தொப்புள்கொடி இரத்தத்தில், கார்ட்டிசாலை உணரும் ஏற்பிக்கான மரபணுவில் மெத்தில் என்ற வகை வேதிக் குறிகள் கூடியிருந்தன. மூன்று மாதத்தில் அந்தக் குழந்தைகளின் கார்ட்டிசால் எதிர்வினையும் அதற்கேற்பக் கூடுதலாக இருந்தது. அழகான முடிவுதான். ஆனால் இரத்த அணுவில் பார்த்ததை வைத்து மூளையைப் பற்றி அறுதியிட முடியாது. மேலே சொன்ன சிங்கப்பூர்க் குழந்தைகளில், ஆளுக்கு ஆள் மாறும் இத்தகைய குறிகளில் முக்கால் பங்குக்குப் பரம்பரையும் கருப்பைச் சூழலும் சேர்ந்த கூட்டு விளைவே சிறந்த விளக்கமாக இருந்தது. மீதிக்குப் பரம்பரை மட்டும். சூழல் தனித்து நின்று தலையெழுத்தை எழுதுகிறது என்று காட்டும் எபிஜெனடிக்ஸ் காணொளிகளை இந்த ஒரு முடிவை மனத்தில் வைத்துக்கொண்டு பார்க்கலாம்.

பிறந்த பிறகு எதுவும் செய்ய முடியாதோ என்ற அச்சத்துக்கும் பதில் இருக்கிறது. இலண்டனில் பனிக்குடநீர்ச் சோதனை செய்துகொண்ட 125 தாய்மார்களின் பனிக்குடநீரில் கார்ட்டிசாலை அளந்து, அவர்கள் பெற்ற குழந்தைகளைப் பதினேழு மாதத்தில் சோதித்தார்கள். அளவு கூடுதலாக இருந்தவர்களின் குழந்தைகள் அறிவு வளர்ச்சியில் பின்தங்கினார்கள். ஆனால் தாயோடு பாதுகாப்பான பிணைப்பு இருந்த குழந்தைகளிடம் இந்தத் தொடர்பு காணப்படவில்லை. அழும்போது தூக்குவது, முகம் பார்த்துப் பேசுவது, தாலாட்டுவது என்று நம் பாட்டிமார் செய்துவந்தவைதான் அந்தப் பிணைப்பை வளர்ப்பவை. தாய்க்கு முடியாத நாளில் அப்பாவோ அம்மாச்சியோ செய்தாலும் குழந்தைக்குப் பயன் உண்டு.

சிகிச்சையைப் பற்றி. பாகிஸ்தானின் ராவல்பிண்டி மாவட்டக் கிராமங்களில், கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில் மனச்சோர்வுக்கு உள்ளாகியிருந்த ஏறத்தாழ 900 பெண்களைக் கொண்டு நடந்த ஆய்வு 2008இல் வெளியானது. உளவியல் படிக்காத கிராம சுகாதாரப் பணியாளர்கள், குறுகிய பயிற்சியோடு, வீடு தேடிப் போய்ப் பதினாறு முறை பேசினார்கள். “உனக்கு மனநோய்” என்று தொடங்கினால் கதவு மூடிக்கொள்ளும் என்பதால் குழந்தையின் நலத்தை முன்வைத்துப் பேச்சைத் தொடங்கினார்கள். பிரசவத்துக்கு ஆறு மாதம் கழித்து மனச்சோர்வு நீடித்தவர்கள் இந்தக் குழுவில் 23 விழுக்காடு, இந்தப் பேச்சுச் சிகிச்சை கிடைக்காத மற்றக் குழுவில் 53 விழுக்காடு. அந்தக் குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு குறைந்தது, தடுப்பூசி ஒழுங்காகப் போடப்பட்டது, பெற்றோர் அவர்களோடு அதிகம் விளையாடினார்கள். ஆனால் ஏழு வயதில் மறுபடி பார்த்தபோது, இரு குழுப் பிள்ளைகளுக்கும் அறிவுத்திறனிலோ நடத்தையிலோ வேறுபாடு தெரியவில்லை. இதைப் பலர் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. மனச்சோர்வுள்ள பெண்ணுக்குச் சிகிச்சை தரப் பிள்ளையின் எதிர்காலத்தைக் காரணமாகக் காட்ட வேண்டிய அவசியமில்லை. அவர் துன்பப்படுகிறார் என்பதே போதிய காரணம்.

மாத்திரை விஷயத்தில் இரண்டு பக்கத்தையும் எடைபோட வேண்டும். முன்பு மனச்சோர்வு வந்து மருந்தில் நலமாக இருந்த 201 கர்ப்பிணிகளைக் கவனித்த அமெரிக்க ஆய்வில், மருந்தை நிறுத்தியவர்களில் 68 விழுக்காட்டினருக்கும் தொடர்ந்தவர்களில் 26 விழுக்காட்டினருக்கும் நோய் திரும்பியது. அவர்கள் சிறப்பு மையங்களுக்கு வந்த, நோய் கடுமையாயிருந்த பெண்கள்; இலேசான நோயுள்ளவர்களிடம் இவ்வளவு பெரிய வேறுபாடு தெரிவதில்லை. குழந்தையின் பக்கம் பார்த்தால், செர்ட்ராலின் போன்ற மருந்துகளுக்கு உட்பட்ட குழந்தைகளில் சுமார் மூன்றில் ஒரு பங்கினருக்குப் பிறந்த சில நாட்கள் நடுக்கம், சிணுங்கல், வேகமான மூச்சு போன்றவை இருக்கும். பெரும்பாலும் இரண்டு வாரத்துக்குள் தானாக அடங்கிவிடும். நுரையீரல் இரத்தக் குழாய்களில் அழுத்தம் குறையாமல் நிற்கும் அரிய சிக்கல், 10,000 குழந்தைகளில் சுமார் 21 பேருக்கு என்பதிலிருந்து சுமார் 31 பேருக்கு என்று உயர்கிறது. ஆட்டிசம் வரும் என்ற பயம் பரவலாக இருக்கிறது. ஒரே தாயின் பிள்ளைகளை ஒப்பிட்ட ஆய்வுகளில் அந்தத் தொடர்பு பெருமளவு மறைந்துவிட்டது. செர்ட்ராலின் தாய்ப்பாலில் மிகக் குறைவாகவே செல்கிறது. எல்லா மனநல மருந்துக்கும் இதே கணக்குப் பொருந்தாது: வலிப்புக்கும் இருமுனை மனநோய்க்கும் தரப்படும், கருவுக்குக் கேடான வால்ப்ரோயேட் எடுக்கும் பெண் கருத்தரிக்கத் திட்டமிடும்போதே மருத்துவரிடம் பேசி அதை மாற்றிக்கொள்ள வேண்டும். நோய் மிதமாக இருந்தால் மருந்தில்லாத பேச்சுச் சிகிச்சையே போதுமானதாகலாம். நீங்கள் எழுதியிருக்கும் அளவுக்குத் தூக்கமும் பசியும் போயிருந்தால், முன்பு பலன் தந்த அதே மருந்தைத் திரும்பத் தொடங்குவதையே பெரும்பாலான மருத்துவர்கள் யோசிப்பார்கள். அளவை அவர்கள்தான் முடிவு செய்ய வேண்டும்.

வீட்டாருக்கும் ஒரு வார்த்தை. வேலூரை அடுத்த கணியம்பாடி வட்டாரக் கிராமங்களில் கர்ப்பிணிகளைத் தொடர்ந்து கவனித்து 2002இல் வெளியிட்ட ஆய்வில், பிரசவத்துக்குப் பின் புதிதாக மனச்சோர்வுக்கு ஆளானவர்கள் 11 விழுக்காடு. அதற்குத் துணைபோன காரணங்களில் குறைந்த வருமானம், ஆண் பிள்ளையை எதிர்பார்த்த வீட்டில் பெண் பிறந்தது, மாமியாரோடும் பெற்றோரோடும் உறவு சீராக இல்லாதது, வேலைக்குக் கைகொடுக்க ஆளில்லாதது ஆகியவை இருந்தன. இவற்றில் எதுவும் கர்ப்பிணியின் மனவுறுதியைப் பற்றியது இல்லை. ஏழாம் மாதம் வளைகாப்பு முடிந்து தாய்வீட்டுக்கு அழைத்துச் செல்லும் வழக்கத்தில், வேலையிலிருந்து விடுதலையும் இரவில் முழுத்தூக்கமும் கிடைக்குமானால் அதுவும் சிகிச்சையின் ஒரு பகுதிதான். “அழாதே, பிள்ளைக்கு ஆகாது” என்ற அறிவுரையால் பழியுணர்வுதான் கூடும். உங்கள் மாமியாருக்கு இந்தப் பத்தியைப் படித்துக்காட்டலாம். அவரும் பயத்தில்தான் அப்படிச் சொல்கிறார் என்று நினைக்கிறேன்.

உயிரோடு இருக்க வேண்டாம் என்ற எண்ணம், குழந்தை இல்லாமலிருந்தால் நல்லது என்ற நினைப்பு, யாரோ பேசும் குரல் கேட்பது, பல நாள் தூக்கமே இல்லாமல் ஆனால் களைப்பும் இல்லாமல் இருப்பது ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் நாளை வரை பொறுக்காமல் அருகிலுள்ள அரசு மருத்துவமனைக்குச் செல்லுங்கள். உடன் ஒருவர் இருக்கட்டும். அரசின் மனநல உதவித் தொலைபேசிச் சேவையான டெலி மானஸின் 14416 என்ற எண்ணில் எந்த நேரமும் தமிழில் பேசலாம், கட்டணமில்லை. இவை இல்லாவிட்டால், மகப்பேறு மருத்துவரின் அடுத்த பரிசோதனைக்குக் காத்திராமல் இந்த வாரத்துக்குள் மனநல மருத்துவரைப் பாருங்கள். மகப்பேறு மருத்துவருக்கும் தகவல் சொல்லிவிடுங்கள். போகும்போது பழைய மருந்துச் சீட்டையும், மாத்திரையை நிறுத்திய தேதியையும், கடைசியாக எடுத்த இரத்தச் சோதனை முடிவுகளையும் எடுத்துச் செல்லுங்கள்.